பி.பி மெஷின் காட்டும் மூன்றாவது எண்... பார்க்கிறீர்களா?

வீட்டில் டிஜிட்டல் பி.பி மெஷின் இருந்தால் இந்தக் காட்சி பழக்கமானதுதான். அப்பாவோ அம்மாவோ கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பட்டனை அழுத்துவார்கள். 'உஸ்ஸ்' என்று காற்று ஏறி இறங்கும். "நூத்தி முப்பதுக்கு எண்பத்தஞ்சு. பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மெஷினைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஆனால், திரையில் அந்த இரண்டு எண்களுக்குக் கீழே மூன்றாவதாக ஓர் எண்ணும் வந்திருக்கும். பக்கத்தில் சின்னதாக ஓர் இதயப் படம். அதை யாரும் படித்துச் சொல்வதில்லை. சுகர் நோட்டில் எழுதி வைப்பதும் இல்லை.

அதுதான் நாடித்துடிப்பு. ஒரு நிமிடத்துக்கு உங்கள் இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு. கொரோனா காலத்தில் அவசர அவசரமாக வாங்கி, இப்போது அலமாரியில் தூங்கும் ஆக்ஸிமீட்டரிலும் ஆக்ஸிஜன் அளவுக்குப் பக்கத்தில் இதே எண் வரும். வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஸ்மார்ட்வாட்ச்சும் இதைத்தான் நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆக, இந்த எண்ணைச் சொல்ல ஆள் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நடக்காமல், படி ஏறாமல், சண்டை போடாமல், அமைதியாக உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது எடுக்கும் அளவைத்தான் ஓய்வுநிலை இதயத்துடிப்பு என்கிறார்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது மருத்துவப் பாடப்புத்தகங்களில் உள்ள அளவு. பள்ளியில் நாம் படித்தது 72. கைக்குழந்தைகளுக்கு 120, 140 என்றெல்லாம் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. வளர வளரக் குறைந்து, பத்து வயதைத் தாண்டும்போது பெரியவர்களின் அளவை நெருங்கிவிடும்.

60 முதல் 100 வரை என்றால் எவ்வளவு பெரிய இடைவெளி! 62 இருப்பவரும் 96 இருப்பவரும் ரிப்போர்ட்டில் 'நார்மல்'தான். ஒரு நிமிடத்துக்கு 10 துடிப்பு வித்தியாசம் என்றாலே ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் கூடுதல். அப்படியிருக்க, இரண்டு பேரையும் ஒரே வரிசையில் உட்காரவைப்பது சரியா?

உங்களுக்கென்று ஓர் எண்

அமெரிக்காவில் கையில் ஃபிட்னெஸ் பட்டை அணிந்திருந்த 92,457 பேரின் தரவுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி ஓய்வுநிலைத் துடிப்பு சுமார் 65. ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால், ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 109 என்று எங்கெங்கோ இருந்தது. வயது, பாலினம், உடல் எடை, தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்க முடியவில்லை. அதேநேரம், ஒரே ஆளை எடுத்துக்கொண்டால் அவருடைய எண் நாளுக்கு நாள் அவ்வளவாக மாறவில்லை.

செருப்பு சைஸ் மாதிரிதான். 'உனக்கு 7, எனக்கு 9. யார் ஆரோக்கியம்?' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், பத்து வருடங்களாக 7 போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென 9 தேவைப்பட்டால், 'கால் ஏன் வீங்கியிருக்கு?' என்று கேட்போம் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. உங்களுடைய பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இதை அழுத்தமாகச் சொல்லும் ஆய்வு நார்வேயில் நடந்தது. இதயநோய் இல்லாத 29,325 பேருக்குச் சுமார் பத்து வருட இடைவெளியில் இரண்டு முறை ஓய்வுநிலைத் துடிப்பை எடுத்தார்கள். அதன் பிறகும் பல வருடங்கள் அவர்களைக் கண்காணித்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளியாயின. இரண்டு முறையும் 70-க்குக் கீழே இருந்தவர்களைவிட, முதலில் 70-க்குக் கீழே இருந்து பின்னர் 85-க்கு மேலே போனவர்களுக்கு, இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. 86 என்பது எந்த லேப் ரிப்போர்ட்டிலும் சிவப்பு எழுத்தில் வராத எண் என்பதை நினைவில் வையுங்கள்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடுத்தர வயது ஆண்கள் 2,798 பேரை 16 வருடங்கள் கவனித்த இன்னோர் ஆய்வும் உண்டு. ஓய்வில் 50 அல்லது அதற்குக் கீழே துடித்தவர்களைவிட, 90-க்கு மேல் துடித்தவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் மரணம் நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு. 'துடிப்பு அதிகமுள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யாதவர்களாக இருப்பார்கள், அதனால்தான்' என்று தள்ளிவிட முடியாதபடி, அவர்களின் உடற்திறனையும் தனியாக அளந்து கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

பிரேக் போட்டு ஓடும் வண்டி

இதயத்துக்குத் துடிக்கக் கற்றுத்தர மூளை தேவையில்லை. அதன் வலது மேல் அறையில் உள்ள ஒரு சின்னத் திசுமுடிச்சு தானாகவே மின்தூண்டலை உருவாக்கிக்கொள்கிறது. அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால், நிமிடத்துக்கு 100-ஐ ஒட்டித் துடிக்கும். இதயமாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதயத்தை எடுத்து வைக்கும்போது நரம்பு இணைப்புகள் அறுந்துவிடுவதால், அவர்கள் சும்மா படுத்திருக்கும்போதும் நாடி 90, 100, 110 என்று ஓடும்.

அப்படியென்றால் நமக்கு எப்படி 70? மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்புதான் காரணம். ஓய்வில் இருக்கும்போது அது இதயத்தின்மீது மெதுவாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது. பதற்றம், காய்ச்சல், தூக்கமின்மை, வலி, நீர்ச்சத்து குறைவு என்று எது வந்தாலும் பிரேக் தளர்கிறது, ஆக்ஸிலேட்டர் ஏறுகிறது. அதனால்தான் இந்த ஓர் எண்ணுக்குள் இத்தனை விஷயங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இன்னொரு பக்கம், இதயத்தின் வேலைத்திறன். ஓய்வில் நம் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தேவை. ஒரு துடிப்புக்கு 70 மில்லி வெளியேற்றும் இதயம் அதற்கு 70 முறைக்கு மேல் துடிக்க வேண்டும். ஒரு துடிப்புக்கு 100 மில்லி வெளியேற்றும் இதயத்துக்கு 50 முறை போதும். சின்ன டம்ளரால் அண்டாவை நிரப்புவதற்கும் சொம்பால் நிரப்புவதற்கும் உள்ள வித்தியாசம். நீண்டதூர ஓட்டக்காரர்கள், சைக்கிள் வீரர்கள், நீச்சல்காரர்கள் கையில் இருப்பது சொம்பு. அவர்களில் பலருக்கு ஓய்வில் 40-களில்தான் துடிக்கும். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை 'டூர் டி பிரான்ஸ்' பட்டம் வென்ற ஸ்பெயின் வீரர் மிகெல் இந்துராயினுக்கு 28 என்று சொல்வார்கள்.

சொம்பு டம்ளராக மாற எவ்வளவு காலம் ஆகும்? 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையை விட்டு எழாமல் இருக்கச் சொன்னார்கள். எழுந்தபோது அவர்களின் ஓய்வுநிலைத் துடிப்பு கூடியிருந்தது; இதயம் பம்ப் செய்யும் அதிகபட்சத் திறன் குறைந்திருந்தது. 30 வருடங்கள் கழித்து, தொப்பையும் நரையுமாக அதே ஐந்து பேரை மறுபடியும் பரிசோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடற்திறனுக்குச் செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. அறுவைசிகிச்சை முடிந்து வந்தவரை 'அசையாதே, படு' என்று அன்போடு அடக்கிவைக்கும் நம் வீடுகளில் இந்த ஆய்வை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

பெருவிரல் வேண்டாம்

அளப்பது எளிது. காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்பு, முடிந்தால் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பாருங்கள். உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைத்து, பெருவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இன்னொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். பெருவிரலால் பார்த்தால் அதன் துடிப்பையே சேர்த்து எண்ணிவிடுவோம். 30 விநாடிகள் எண்ணி இரண்டால் பெருக்கலாம். துடிப்பு சீராக இல்லை என்று தோன்றினால் முழு நிமிடமும் எண்ணுங்கள். பகலில் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்த பிறகு. நான்கைந்து நாள்கள் எடுத்துச் சராசரி பார்த்தால், அதுதான் உங்கள் எண். தேதியோடு எழுதிவையுங்கள்.

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிது இல்லை. சித்த மருத்துவத்தின் எட்டு வகைத் தேர்வுகளில் நாடியும் ஒன்று. ஆனால் அங்கே வைத்தியர் மூன்று விரல்களால் வாத, பித்த, கபத்தின் நடையைத்தான் பார்க்கிறார். நிமிடத்துக்கு எத்தனை என்ற கணக்கு வேறு சங்கதி. அதற்குக் கடிகாரம் வேண்டும். இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளாயர் ஒரு நிமிடத்தை அளக்கும் கடிகாரத்தை நாடி பார்ப்பதற்கென்றே செய்யச்சொல்லி, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இன்றைய ஸ்மார்ட்வாட்ச்சுக்கு அவரைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

அந்த வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது, அதை எண்ணுகிறது. பட்டை தொளதொளவென்று இருந்தாலோ, அந்த இடத்தில் டாட்டூ இருந்தாலோ, கை குளிர்ந்திருந்தாலோ கணக்கு தப்பும். சந்தேகம் வந்தால் விரலை வைத்து எண்ணிவிடுவதே நல்லது.

வாட்ச்சோடு வரும் இன்னொரு தொல்லை பதற்றம். நேற்று 66, இன்று 73 என்றதும் கூகுளில் இதயநோயைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தேடத் தேட இன்னும் ஏறும்! இரவு தூக்கம் கெட்டாலும், மது அருந்தினாலும், வெயிலில் அலைந்து தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் மறுநாள் சில துடிப்புகள் கூடும். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 10 துடிப்புகள் கூடும். கர்ப்ப காலத்தில் 10 முதல் 20 வரை கூடுவது இயல்பு. ஒரு நாள் ஏற்றத்துக்குப் பெரிய அர்த்தம் இல்லை. காரணம் தெரியாமல் இரண்டு மூன்று வாரங்களாக மேலேயே நின்றால்தான் அர்த்தம்.

'வேலை ஜாஸ்தி, அதான் அசதி'

இந்த எண் அதிகம் பயன்படப்போவது வாட்ச் கட்டிய இளைஞருக்கு இல்லை, வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத்தான் என்பது என் எண்ணம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவிகிதம். அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், ஒவ்வொரு சொம்பு ரத்தத்திலும் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் போகும். ஈடுகட்ட இதயம் கூடுதலாக ஓட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90, 95. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் படபடப்பு, மூச்சு வாங்கல்.

மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கர்ப்பப்பைக் கட்டி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது என்று காரணங்கள் பல. டீ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். ஆனால், இந்தப் பெண்கள் சொல்வது 'வேலை ஜாஸ்தி, அதான் அசதி' என்பதுதான். வீட்டில் உள்ளவர்களும் அதை நம்பிவிடுகிறோம், வேலையைக் குறைக்காமலே! மெஷினில் பி.பி 110/70 என்று அழகாக வந்துவிடுவதால் சந்தேகமும் வருவதில்லை. கீழே இருக்கும் 96-ஐப் பார்த்திருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு அது ரத்தசோகை. ஒன்று மட்டும்: லேசான ரத்தசோகையில் நாடி கூடாமலும் இருக்கலாம். நாடி சரியாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் நாடி ஏறும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, கை நடுக்கம், வியர்வை, தூக்கத்திலும் குறையாத துடிப்பு எல்லாம் சேர்ந்திருந்தால் அந்தப் பரிசோதனையையும் மருத்துவர் எழுதித்தருவார்.

நீண்டகாலமாகச் சர்க்கரைநோய் உள்ளவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரைநோயாளிகள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, பாதத்தின் நரம்பை மரத்துப்போகச் செய்வதுபோல இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் கெடுக்கும். முதலில் அடிபடுவது அந்த வேகஸ் பிரேக். விளைவு, ஓய்விலேயே 100-ஐ ஒட்டிய துடிப்பு. எழுந்து நின்றால் தலைசுற்றல். இவர்களில் சிலருக்கு மாரடைப்பு வந்தால்கூட நெஞ்சுவலி தெரியாமல் போய்விடும். பாதப் பரிசோதனைக்குப் போகும்போது, 'நாடி எப்போதும் 100-ஐ ஒட்டியே இருக்கு' என்றும் சொல்லுங்கள்.

எண்ணைக் குறைத்தால் போதுமா?

நாடி அதிகம் என்றால் குறைக்க மாத்திரை போட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இவாபிரடின் என்ற மருந்து இதயத்துடிப்பை மட்டும் குறைக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது பயன் தந்தது. இன்றும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால், ரத்தக்குழாய் நோய் இருந்தும் இதயச் செயலிழப்பு இல்லாத 19,102 பேரிடம் சோதித்தபோது, துடிப்பு குறைந்ததே தவிர, மாரடைப்போ இதய மரணமோ குறையவில்லை. 2014-ல் இந்த முடிவு வந்தது. வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பல்பைக் கழற்றுவதால் இன்ஜின் சரியாகாது, அந்தக் கதைதான்.

நடை உதவும். வேக நடை, சைக்கிள், நீச்சல் என ஏதாவது ஒன்றை வாரத்துக்கு 150 நிமிடங்கள் செய்தால், இரண்டு மூன்று மாதங்களில் ஓய்வுநிலைத் துடிப்பு சில எண்கள் இறங்குவதைப் பலரும் தங்கள் நோட்டிலேயே பார்க்கலாம். புகையை விட்டால் இருபது நிமிடத்திலேயே துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். 'மனுஷனுக்கு இத்தனை துடிப்புன்னு எழுதியிருக்கு, ஓடினா சீக்கிரம் தீர்ந்துடும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தத்துவம் சுற்றுகிறது. அப்படி ஒரு கோட்டா கிடையாது. இருந்தாலும்கூடக் கணக்கு உதைக்கிறது. 75 துடிப்புள்ளவர் அரை மணி நேரம் 110-ல் நடந்தால் கூடுதல் செலவு 1,050. அதனால் மிச்ச நேரத்தில் துடிப்பு 5 குறைந்தால் வரவு 7,050. நடக்காதவர்தான் நஷ்டத்தில் இருக்கிறார்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? ஓய்வில் மறுபடியும் மறுபடியும் 100-க்கு மேலே இருந்தால். துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால். பல பி.பி மெஷின்களில் சீரற்ற துடிப்புக்கென்றே ஒரு குறி வரும். அது அடிக்கடி வந்தால் இ.சி.ஜி எடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்கு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கோளாறு, பக்கவாதத்துக்கான வாய்ப்பைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டு என்பதால் முன்பே தெரிவது நல்லது. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

குறைவாக இருப்பதும் எல்லோருக்கும் பெருமை இல்லை. மாரத்தான் ஓடுபவருக்கு 48 என்றால் கைதட்டலாம். நாள் முழுக்க ஈஸிசேரில் இருக்கும் 75 வயது தாத்தாவுக்கு 44, கூடவே தலைசுற்றல் என்றால், இதயத்தின் மின்கடத்தலில் அடைப்பு இருக்கலாம், பேஸ்மேக்கர் தேவைப்படலாம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் நாடி இறங்கும். பி.பி-க்காகவோ இதயத்துக்காகவோ கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளின் வேலையே துடிப்பைக் குறைப்பதுதான். அவற்றைச் சாப்பிடுபவர்கள் நாடி 55 என்று பயந்து தாங்களாகவே சட்டென நிறுத்தினால், துடிப்பும் பி.பி-யும் எகிறிவிடும்.

பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தோன்றாத ஒரு காரணமும் உண்டு. 'கண் பிரஷர்' என்று சொல்லப்படும் கிளாகோமாவுக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விட்ட சொட்டு, மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை மெதுவாக்கும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் ரத்தத்தில் கலப்பது குறையும். கண் மருத்துவர் ஒருவர், இதய மருத்துவர் இன்னொருவர் என்று இருக்கும்போது, இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். அடுத்த முறை தாத்தாவை இதய மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது மாத்திரை டப்பாவோடு அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.